ஒரு கையொப்பத்தின் தூரம்

துனீசியாவின் சஃபாக்ஸ் நகரத்தில் மொந்தர் ஜர்ராயாவைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்தவர்கள்தான் இல்லை. ஆலிவ் எண்ணெயின் புளிப்பை அளக்கும் பரிசோதனைக்கூடம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார் என்பது உண்மை. ஆனால் அது சம்பளம். வேலை என்று அவர் மனதுக்குள் வைத்திருந்தது வேறு.

பெட்ரெல் என்றொரு இயங்குதளம் இருக்கிறது. பல நாடுகளிலிருந்து ஆயிரம் பேர் கூலி வாங்காமல் சேர்ந்து கட்டி, விலை வாங்காமல் கொடுப்பது. நிரல்களை யாரோ எழுதுவார்கள். அவற்றைக் கல் பொறுக்கி, புடைத்து, எந்தக் கணினியிலும் முணுமுணுக்காமல் உட்காரும்படி கட்டித் தருவது இந்த ஆயிரம் பேரின் பாடு. கட்டிய மூட்டைக்குப் பொதி என்று பெயர். இந்த ஆயிரம் பேரில் ஒருவராக, இல்லை, சரியாகச் சொன்னால் இந்த ஆயிரம் பேருக்கு வெளியே வாசற்படியில், மொந்தர் 2005 முதல் நின்றுகொண்டிருந்தார். அவர் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு பொதி. அதன் பெயர் கார்சோன்.

காபிக்கடையில் உட்கார்ந்து "கார்சோன்!" என்று குரல் கொடுத்தால் சப்ளையர் வருவாரே, அதே பெயர்தான். கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிற ஆசாமி நிரலின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார். 'இதை இப்படிச் செய், அதைச் செய்யாதே, முடித்ததை அங்கே வை' என்று பின்னால் ஒரு வால் சேர்ப்பார். "ஒரு எக்ஸ்பிரஸ் காபி, கெட்டியா, சர்க்கரை பாதி, கிளாஸ்ல, தண்ணி வேணாம்" என்று ஒரே மூச்சில் சொல்கிற வாடிக்கையாளரைப் போல. அந்த வாலைப் பிரித்துப் புரிந்துகொண்டு, அடுப்படிக்குச் சரியாகச் சொல்லி, இல்லாததைக் கேட்டால் "அது இங்க கிடையாது, நீங்க கேட்டது இதுவா?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்பது கார்சோனின் வேலை. ரென் நகரத்துக்காரர் ஒருவர் அதை ஓகேமல் மொழியில் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் கணிதச் சார்புகளாகவே பார்க்கும் மொழி அது. மாறி என்று பெயர் வைத்துவிட்டு அதை மாற்ற விடாது. பொறியியல் நுழைவுக்கான ஆயத்த வகுப்பில் பத்தொன்பது வயதில் அதன் மூதாதை மொழியைப் படித்த மொந்தர், மற்றவர்கள் தேர்வோடு மறந்த காதலை மறக்காமல் வைத்துக்கொண்டார்.

கார்சோனில் அவர் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. அவர் மனைவி ஹயாத், உயர்நிலைப் பள்ளியில் இயற்கை அறிவியல் சொல்லித் தருபவர், விஷயத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

"ஊரான் எழுதின புத்தகத்துக்கு அட்டை போட்டு, பேர் ஒட்டி, அலமாரியில வைக்கிற. அவ்வளவுதானே?"

"அலமாரியில வைக்கிறது நான் இல்ல. அதுக்கு எனக்கு உரிமை கிடையாது."

"அட கடவுளே! அட்டை போடறவனுக்கு அலமாரி சாவிகூடத் தர மாட்டாங்களா?"

தர மாட்டார்கள். அதுதான் மொந்தருடைய ஒன்பது வருடக் கதை.

அட்டை போடுவது லேசான வேலையும் அல்ல. ஓகேமலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் தொகுப்பான் ஒரு மயிரிழை மாறினாலும், அதை நம்பிய நிரல் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அதுவும் வரிசை தப்பாமல். கார்சோனை நம்பி நாற்பத்தொரு நிரல்கள் இருந்தன. அப்புறம் உரிமைக் கோப்பு: பொதிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்று எழுத வேண்டும். ஒருமுறை புதிய பதிப்பில் ஒரேயொரு கோப்பின் தலையில் உரிம வரி விட்டுப்போயிருந்தது. மொந்தர் அந்தப் பதிப்பை எட்டு மாதம் நிறுத்தி வைத்தார். ரென்காரர் கொதித்துப்போய் எழுதினார்: "அது என் கோப்பு. நான்தான் எழுதினேன். நானே சொல்கிறேன். வேறென்ன வேண்டும்?" மொந்தர் பதில் எழுதினார்: "நீங்கள் சொன்னால் போதாது. கோப்பு சொல்ல வேண்டும்." அந்தக் கடிதத்தை அவர் பெருமையாக நினைத்தார். இருபது வருடத்தில் தனக்கு வந்த கடிதங்களிலேயே இதுதான் அசிங்கமானது என்று ரென்காரர் நினைத்தார். எட்டு மாதம் கழித்து அந்த வரி வந்து சேர்ந்தது.

கட்டி முடித்த பொதியைக் களஞ்சியத்தில் ஏற்ற உறுப்பினருக்கு மட்டுமே அனுமதி. அதனால் ஒவ்வொரு தடவையும் மொந்தர், பிரெஸ்த் நகரத்தில் இருக்கும் மயெல் கெர்ப்ராவுக்கு எழுதுவார்: "மயெல், இதை ஏற்றிவிட முடியுமா?" மயெல் பார்த்து, தன் கையொப்பத்தில் ஏற்றுவார். நல்ல பெண்மணி. அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது பதினோரு வாரம் கார்சோன் வாசலிலேயே நின்றது. மொந்தர் வாழ்த்து அனுப்பினார். பொதியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

உறுப்பினராவதற்கான தேர்வை அவர் எப்போதோ முடித்துவிட்டார். நாற்பது பக்கம் கேள்வி, நாற்பது பக்கம் பதில். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. உறுப்பினர் ஒருவர் அவரை நேரில் பார்க்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த ஆவணத்தில் முகத்தையும் பெயரையும் ஒப்பிட்டு, 'இந்தச் சாவி இந்த மனிதருடையதுதான்' என்று அவருடைய மின்சாவியில் கையொப்பம் இட வேண்டும். வாழ்நாள் முழுவதும் திரையைத் தவிர எதையும் நம்பாத அந்த ஆயிரம் பேர், இந்த ஒரு காரியத்தில் மட்டும் திரையை நம்புவதில்லை.

துனீசியாவில் உறுப்பினர் யாரும் இல்லை. கிட்டத்தில் இருந்தவர் சிசிலியில். நடுவில் இருக்கும் கடல் சின்னது, விசா பெரியது. இரண்டு தடவை மறுத்தார்கள். 2014 ஆகஸ்டில் லைடன் நகரத்தில் பெட்ரெல்காரர்களின் வருடாந்தரக் கூட்டம் என்று அறிவிப்பு வந்ததும் மொந்தர் மூன்றாம் தடவை விண்ணப்பித்து, ஏப்ரலில் பாஸ்போர்ட்டை விசா அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

மே மாதத்தில் மயெல் எழுதினார். "ஒரு நல்ல செய்தி. நம் குழுவின் ஈவௌட் டெர்ப்ஸ்ட்ரா குடும்பத்தோடு உங்கள் ஹம்மமெத் கடற்கரைக்கு விடுமுறை வந்திருக்கிறார். வியாழக்கிழமை அவர்களுடைய சுற்றுலாப் பேருந்து எல் ஜெம்மில் தொண்ணூறு நிமிடம் நிற்குமாம். அங்கே ரோமானிய அரங்கத்துக்கு எதிரே இருக்கும் காபிக்கடையில் உங்களுக்காகக் காத்திருப்பார். ஆவணம் மறக்காதீர்கள். ஈவௌட் கறாரான ஆள்."

எல் ஜெம் சஃபாக்ஸிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒன்பது வருடமாகக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த கையொப்பம் ரயில் ஏறிப் போய் வாங்கிவரும் தூரத்துக்கு வந்துவிட்டது. பாஸ்போர்ட்தான் கையில் இல்லை.

"போய்த் திருப்பி வாங்கிக்கோ," என்றார் ஹயாத், கணவாய் மீன் சுத்தம் செய்துகொண்டே.

"வாங்கினா விண்ணப்பம் ரத்தாயிடும். லைடன் போக முடியாது."

"லைடன் எதுக்குப் போற? கையெழுத்துக்கு. அது இங்க வருது. அப்புறம் லைடன்ல என்ன இருக்கு, உன் ரெண்டாவது சம்சாரமா?"

 கையொப்பத்துக்காகத்தான் கடல் தாண்ட வேண்டும் என்று ஒன்பது வருடமாக மொந்தரே சொல்லி வந்திருக்கிறார்; இப்போது மாற்றிப் பேச முடியாது. அவர் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு நீள மேசையை. இருநூறு பேர். தட்டில் என்ன இருந்தாலும் சரி. பக்கத்தில் இருப்பவர் "நீங்க என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்பார். "கார்சோன்" என்று சொன்னால் போதும். சப்ளையர், காபி, சர்க்கரை பாதி என்று விளக்க வேண்டிய தேவை இருக்காது. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

"அடையாள அட்டை இருக்கே," என்றார் கடைசியில். "அரசாங்கம் குடுத்தது. படம் இருக்கு. பேர் இருக்கு. போதாதா?"

"உங்க ஆளுங்க சட்டம் உனக்குத்தான் தெரியும்."

தனக்குத் தெரியும் என்றுதான் மொந்தரும் நினைத்தார். இன்னொருவருடைய கோப்பில் விட்டுப்போன ஒற்றை வரியைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, சொந்தச் சட்டைப்பையில் இருக்கும் அட்டை எந்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து வாசித்துவரும் எழுத்து. அது ஒரு எழுத்து என்றே அவர் கணக்கில் இல்லை.

வியாழக்கிழமை பத்தரைக்குப் பேருந்து வந்து நின்றது. கூட்டம் வழிகாட்டியின் பின்னால் ரோமானிய அரங்கத்துக்குள் போக, ஒருவர் மட்டும் பிரிந்து காபிக்கடைக்கு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் வெந்து சிவந்த கழுத்து, காலுறைக்கு மேல் செருப்பு, சட்டையில் இயங்குதளத்தின் சின்னமான பெட்ரெல் கடல்பறவை. மொந்தர் எழுந்து நின்றார். இருவரும் கைகுலுக்கினார்கள். அப்புறம் இன்னொரு தடவை குலுக்கினார்கள்.

"அரங்கத்தைப் பாக்கலையா?" என்றார் மொந்தர். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அவருக்கு அதைப் பேசி வருடக்கணக்கில் ஆகியிருந்தது.

"ஆயிரத்தெண்ணூறு வருஷமா இருக்கு. எங்க போயிடப் போகுது? உங்களைப் பாக்கறதுதான் கஷ்டம்," என்றார் ஈவௌட். அதைக் கேட்டு மொந்தருக்குக் காது சூடானது.

அவர் தன் சாவியின் ரேகையை, நாற்பது எண்ணெழுத்துகளை, தாளில் அச்சிட்டுக் கத்தரித்துக் கொண்டுவந்திருந்தார். ஒருவருக்கு ஒரு சீட்டு போதும். மொந்தர் இருபத்துநாலு வெட்டியிருந்தார். ஈவௌட் ஒன்றை வாங்கிக்கொண்டு அட்டைக்காகக் கை நீட்டினார். வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகத்தை ஒப்பிட்டார், தலையை ஆட்டினார். பிறகு நெற்றி சுருங்கியது.

"இதுல உங்க பேர் எங்க இருக்கு?"

"இதோ, இது மொந்தர். இது ஜர்ராயா."

ஈவௌட் விரலைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். "எனக்கு அரபி வாசிக்கத் தெரியாதே."

"நான் வாசிச்சுக் காட்டறேன்."

"நீங்க வாசிச்சா, நீங்க யாருன்னு நீங்களே சொன்ன மாதிரிதானே ஆகும்?"

 மொந்தருக்கு அது பழக்கமான வாக்கியம். ரென்காரருக்கு அதை எழுதிய கை தன்னுடையது.

"பாஸ்போர்ட்?" என்றார் ஈவௌட். "அதுல எங்க எழுத்தும் இருக்குமே?"

"அது லைடனுக்காக, உங்க நாட்டுக்கு வர்றதுக்காக, விசா வரிசையில நிக்குது."

"கார் லைசென்ஸ்?"

"மொபெட்தான் ஓட்டறேன்."

காபிக்கடைச் சப்ளையர் லஸ்ஹர் கொஞ்ச நேரமாகவே பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. "என்ன அண்ணே, வெள்ளக்காரருக்கு என்ன வேணுமாம்?" என்று அரபியில் கேட்டார். மொந்தர் சொன்னார்.

"இவ்வளவுதானா? குடுங்க இப்படி." லஸ்ஹர் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி உரக்க வாசித்தார். "மொந்தர், ஹெதி மகன், மஹ்மூத் பேரன், ஜர்ராயா. பொறந்த ஊர் சஃபாக்ஸ். அது அட்டையில இல்லன்னாலும் தெரியும், வந்து முக்கா மணி ஆச்சு, இன்னும் ஒரு காபி சொல்லல."

சஃபாக்ஸ்காரர்களின் கஞ்சத்தனம் அந்தப் பக்கத்தில் பேர்போனது. கடை முழுக்கச் சிரித்தது. ஈவௌட் என்னவென்று கேட்டார். மொந்தர் மொழிபெயர்த்தார், ஈவௌட் வருத்தமாகச் சொன்னார்: "இவரையும் எனக்குத் தெரியாதே."

அரங்கத்துக்குள் கூட்டத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த வழிகாட்டி, கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். "சார், நான் பொறுப்பு. பதினாறு வருஷமா அரசாங்க லைசென்ஸ் வச்சிருக்கிற வழிகாட்டி."

ஈவௌட் குனிந்து அந்த அட்டையைப் பார்த்தார். "இதுவும் அரபியில இருக்கு," என்றார்.

தோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் காய்களைக் கவிழ்த்து வைத்தார். "நாங்க நாலு பேர் சாட்சி சொல்றோம்யா! கல்யாணத்துக்கே ரெண்டு பேர் போதும்."

"யாருக்குக் கல்யாணம்?" என்றார் அப்போதுதான் உள்ளே வந்த ஒருவர்.

"கம்ப்யூட்டருக்கு. நீ உக்காரு."

லஸ்ஹருக்கு இப்போது உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "ஒன்பது வருஷமா இவங்களுக்குச் சும்மா உழைச்சிருக்கீங்க. வாசல்ல வந்து நிக்கறீங்க. மூஞ்சி இருக்கு, கார்டு இருக்கு, ஊரே சொல்லுது. இன்னும் என்னவாம் அவருக்கு? சந்தேகமா?"

"அவர் செய்யறது சரி," என்றார் மொந்தர்.

"என்னது?"

"வாசிக்க முடியாததுக்குக் கையெழுத்து போடக் கூடாது. நானா இருந்தாலும் போட மாட்டேன்."

"நீங்க யார் பக்கம்?"

"கேளுங்க. இந்தச் சாவி இருந்தா ஆஸ்பத்திரி, ரயில்வே, எங்கெங்கயோ ஓடற மெஷினுக்குள்ள நான் ஒண்ணை அனுப்பலாம். நாளைக்கு ஒருத்தன் என் படத்த ஒட்டி, வேற பேர்ல, இதே மாதிரி கார்டு அடிச்சுக்கிட்டு வரான். இவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இவர் போடற கையெழுத்த நம்பி ஆயிரம் பேர் இருக்காங்க." மொந்தருடைய குரல் ஏறியது, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். வீட்டில் அவர் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. "எனக்காக ஒரு தடவை கண்ண மூடிக்கிட்டார்னா, அப்புறம் அந்தக் கையெழுத்த வாங்கி நான் என்ன செய்ய?"

லஸ்ஹர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "பொண்ணு பாக்க வந்துட்டு, மாப்பிள்ளை சரியில்லன்னு பொண்ணு வீட்டுக்கு நீங்களே எடுத்துக் குடுக்கறீங்களே அண்ணே," என்று சொல்லிவிட்டு, கேட்காமலே இரண்டு காபி கொண்டுவரப் போனார்.

ஈவௌட் கேட்டார், என்ன சொன்னீர்கள் என்று. மொந்தர் சுருக்கமாகச் சொன்னார். சிவந்திருந்த கழுத்து இன்னும் சிவந்தது. ஈவௌட் அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. இருவருக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை. ஈவௌட்தான் ஆரம்பித்தார்: போன தடவை தொகுப்பான் மாறியபோது கார்சோன் ஏன் இரண்டு நாள் சிக்கிக்கொண்டது? மொந்தர் சொன்னார்: கார்சோனைக் கட்ட ஒரு சோதனைக் கருவி வேண்டும், அந்தக் கருவியைக் கட்டக் கார்சோன் வேண்டும். முட்டையும் கோழியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. "எப்படிப் பிரிச்சீங்க?" காகிதக் கைக்குட்டையில் மொந்தர் அம்புக்குறி போட்டார். ஈவௌட் ஒன்றை அடித்துவிட்டு வேறு போட்டார். மொந்தர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் மொந்தருக்கு ஒரு வினோதம் தெரிந்தது. இந்தச் சொற்களையெல்லாம் ஒன்பது வருடமாக விரலால் தட்டியிருக்கிறார். நாக்கு ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. கருவிகளின் பெயரை அவர் ஒரு மாதிரி உச்சரித்தார், ஈவௌட் வேறு மாதிரி. எது சரி என்று இருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஈவௌட்டும் தன் ஊரில் அவற்றை யாரிடமும் உரக்கச் சொன்னதில்லையாம். லெவார்டன் நகரத்தில் அவருடைய அண்டை வீட்டார், அவர் கணினி ரிப்பேர் செய்கிறவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அச்சுப்பொறியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்களாம்.

பேருந்து ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அரங்கத்திலிருந்து வந்த ஈவௌட்டின் மகள்கள் இருவரும் அவரைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். "லைடன்ல பாக்கலாம்," என்றார் ஈவௌட். "பாஸ்போர்ட்டோட."

"லைடன்ல," என்றார் மொந்தர்.

வீட்டுக்கு வந்ததும் ஹயாத் கேட்டார்: "போட்டாரா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு முகத்துல இவ்வளவு வெளிச்சம்?"

அவருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் அது இல்லை. அதற்கடுத்த வாரம் முழுக்க, காபிக்கடையில் பேசிய ஐம்பது நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல மறந்தவை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பசி எடுக்காத வரைக்கும் பட்டினி தெரியாது என்பார்கள். ஒரு வாய் தின்ற பிறகுதான் அவருக்குப் பட்டினி தெரிந்தது.

ஜூலை கடைசியில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள், அதில் அச்சடித்த காரணங்கள், ஒன்றின் எதிரே குறி: சொந்த நாட்டுக்குத் திரும்பி வரும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இருப்பதாக உறுதிப்படவில்லை. அவர் திரும்பி வந்திருப்பார். ஹயாத் இங்கே, கடல் இங்கே, எல்லாம் இங்கே. ஆனாலும் அந்த நீள மேசையை நினைத்துக்கொண்ட ஒவ்வொரு முறையும், அதிலிருந்து தான் எழுந்து வருகிற காட்சி மட்டும் அவர் கற்பனையில் வந்ததே இல்லை. விசா அதிகாரிக்கு அது எப்படித் தெரிந்ததோ.

இப்போது பாஸ்போர்ட் கையில் இருந்தது. காட்ட ஆள் இல்லை. ஆகஸ்டில் லைடன் கூட்டத்தின் படங்கள் வந்தன. மேசை அவர் நினைத்த அளவு நீளம் இல்லை. நாலைந்து மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். மொந்தர் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். செப்டம்பரில் கார்சோனின் புதிய பதிப்பைக் கட்டி முடித்து, "மயெல், இதை ஏற்றிவிட முடியுமா?" என்று எழுதினார்.

பெட்ரெல் தளத்தில் ஊர்வாரியாக ஒரு பக்கம் உண்டு: கையொப்பம் தரத் தயாராக இருப்பவர்கள் ஒரு பத்தி, தேவைப்படுபவர்கள் ஒரு பத்தி. துனீசியாவுக்கு எதிரே தருபவர் யாரும் இல்லை. தேவைப்படுபவர் பத்தியில் அவர் தன் பெயருக்கு எதிரே இருந்த குறிப்பைத் திருத்தினார்: "சஃபாக்ஸ். பாஸ்போர்ட் இருக்கிறது. எந்த நாளும் சரி."

டிசம்பரில் அதே பத்தியில், அவர் பெயருக்குக் கீழே, இன்னொரு வரி முளைத்தது. நஃபீசா கர்மாசி, கபேஸ். தேவை: ஒன்று.

மொந்தர் எழுதினார், பதில் வந்தது. ஐம்பது தாண்டிய பெண்மணி, மருந்துக்கடை வைத்திருப்பவர், ஓர் எழுத்துருவைப் பொதி கட்டி மூன்று வருடமாக வாசலில் நிற்பவர். மொந்தர் சனிக்கிழமை கபேஸுக்கு ரயில் ஏறினார். கடையில் கூட்டம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார் நஃபீசா.

"மொந்தர் சார், ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் உங்களுக்குக் கையெழுத்து போட்டாலும், நீங்க எனக்குப் போட்டாலும், ரெண்டும் செல்லாது. நாம ரெண்டு பேருமே வெளியில."

"தெரியும்."

"நானும் சட்டம் படிச்சுட்டேன். உள்ள இருக்கிற ஒருத்தராவது வேணும்."

"தெரியும். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு சும்மாவா? சீட்டை எடுங்க."

மொந்தர் சீட்டை எடுத்தார். நஃபீசா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பின் நாலு நாலு எழுத்தாக உரக்க வாசிக்க ஆரம்பித்தார். மருந்துச் சீட்டோடு நின்ற ஒருவர் இருமினார். "இருங்க, வந்துட்டேன்," என்றார் நஃபீசா, தலை நிமிராமல். ஒவ்வொரு நாலுக்கும் மொந்தர் "சரி" என்று சொல்ல வேண்டும். சொன்னார். கதவு திறந்தது, மூடியது. இன்னும் இரண்டு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். பத்தாவது நாலு முடிந்ததும் மொந்தர் "சரி" என்றார். நஃபீசா சீட்டின் ஓரத்தில் பேனாவால் குறி போட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து தன்னுடைய சீட்டை எடுத்து நீட்டினார். மொந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் நாலை வாசித்தார்.